பிள்ளை யாரோடு இருக்கிறாள்

தங்கச்சியின் மகளை லண்டனின் கிழக்கே இல்ஃபோர்டில் இருந்து, தெற்கே மிச்சம் என்ற ஊரில் இருக்கும் எங்கள் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்தபோது, இரண்டு கிழமைக்கு என்றுதான் எல்லோரும் நினைத்தோம். அவளுக்கு அப்போது பதின்மூன்று வயது. பள்ளிக்கூடப் பையையும் தலையணையையும் தவிர வேறொன்றும் எடுத்து வரவில்லை. தலையணை எங்கள் வீட்டிலும் இருக்கிறது என்று நான் சொல்லவில்லை.

தங்கச்சி ஆஸ்பத்திரியில் இருந்தாள். உடம்புக்கு ஒன்றும் இல்லை. சில மாதங்களாக நித்திரை இல்லாமல், சாப்பாடு இல்லாமல் இருந்திருக்கிறாள், எங்களுக்குச் சொல்லவில்லை. பாதி நேர வேலை செய்த கடையில் ஒருநாள் சாமான் அடுக்கக் குனிந்தவள் அப்படியே நிலத்தில் இருந்துவிட்டாள். எழும்பு என்று யார் சொல்லியும் எழும்பவில்லை. புருசன் வேறொரு குடும்பத்தோடு கனடாவில். எனவே போன் எனக்குத்தான் வந்தது.

எங்கள் வீடு சின்னது. இரண்டு மகன்மாரும் ஒரு அறையில். முன்னறைச் சோபாவை விரித்து அவளுக்குப் படுக்கை போட்டோம். எனக்கு முதியோர் இல்லத்தில் ஷிப்ட் வேலை; இவர், என் புருசன், பார்சல் வான் ஓட்டுகிறார். விடிய நான் வெளிக்கிடும்போது அவளும் எழும்புவாள். ட்ராம், பிறகு ரயில், பிறகு எலிசபெத் லைன் என்று லண்டனின் ஒரு மூலையில் இருந்து மற்ற மூலைக்குப் பள்ளிக்கூடம் போவாள். வகுப்பில் நித்திரை கொள்கிறாள் என்று ரீச்சர் போன் எடுத்தார். தங்கச்சி ஆஸ்பத்திரியால் வந்தும் தன்னையே பார்த்துக்கொள்ள முடியாத நிலையில் இருந்தாள். வேறு வழி இல்லாமல் பிள்ளையை எங்கள் பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்கு மாற்றினோம்.

அதோடுதான் மற்றப் பிரச்சினை தொடங்கியது.

"இஞ்சேரும், பிள்ளை இஞ்ச எண்டால் அவளுக்கெண்டு அரசாங்கம் தாற சைல்ட் பெனிபிட் காசும் இஞ்சதானே வரவேணும்?" என்று இவர் ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே கேட்டார்.

"அது தங்கச்சிக்கு வாறது. அவள் பாவம்."

"பாவம் இல்லையெண்டு நான் சொல்லேல்லை. சப்பாத்து, பஸ், சாப்பாடு எல்லாம் நாங்கள்தானே பாக்கிறம். நான் கேக்கிறது பிழையோ?"

பிழை இல்லை. அதுதான் எனக்குக் களைப்பாக இருந்தது. இவர் பிழையாக ஏதாவது சொல்லியிருந்தால் சண்டை பிடித்திருக்கலாம்.

சனிக்கிழமைகளில் ஒரு மண்டபத்தில் எங்கள் ஆட்களுக்கு ஆலோசனை சொல்ல ஒருவர் வருவார். மலேசியாவில் இருந்து படிக்க வந்து, இங்கேயே கணக்காளராக வேலை செய்து ஓய்வு பெற்றவர். அவரிடம் போனேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, தங்கச்சிக்கு வேறு என்னென்ன வருகிறது என்று விசாரித்தார். சொன்னேன். குறைந்த சம்பளக்காரருக்கும் அவர்களின் பிள்ளைகளுக்கும் அரசாங்கம் கொடுக்கும் டாக்ஸ் கிரெடிட் அவளுக்கு வந்தது. வாடகைக்குக் கவுன்சிலில் இருந்து ஹவுசிங் பெனிபிட் வந்தது.

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"கொஞ்ச நாளைக்கு உங்க வீட்டுல தங்குறாள்னா பரவாயில்லைங்க. ஆனா ஸ்கூல் மாத்திட்டீங்க. இனி அது கொஞ்ச நாள் இல்லை. பிள்ளை யார்கூட இருக்கோ, அவங்கதான் கேக்கணும்."

"நாங்கள் கேக்காமல் விட்டால்?"

"நீங்க கேக்காம விடலாம். ஆனா உங்க தங்கச்சி சொல்லாம இருக்கக் கூடாது. பிள்ளை தன்கூட இல்லைன்னு டாக்ஸ் கிரெடிட் ஆபீஸுக்கும் கவுன்சிலுக்கும் அவங்க சொல்லியாகணும். பின்னாடி தெரிஞ்சா எல்லாத்தையும் திருப்பிக் கட்டச் சொல்லுவாங்க."

"சொன்னால் என்ன நடக்கும்?"

அவர் மெதுவாக விளங்கப்படுத்தினார். பிள்ளை கணக்கில் இல்லையென்றால் பிள்ளைக்கான டாக்ஸ் கிரெடிட் நின்றுவிடும். அவள் செய்வது பாதி நேர வேலை. பிள்ளை இல்லாத தனி ஆளுக்கு அந்த மணித்தியாலம் காணாது, ஆகவே வேலைக்கான கிரெடிட்டும் நிற்கும். பிறகு அவள், எல்லா உதவியையும் ஒன்றாக்கிய புது யுனிவர்சல் கிரெடிட்டுக்குத்தான் போகவேண்டும். முதல் காசு வர ஐந்து கிழமை செல்லும். வாடகையும் அதற்குள்தான் வரும், ஆனால் தனி ஆள் என்றபடியால் ஒரு அறைக்கான அளவுதான். அவள் இருப்பதோ இரண்டு அறை வீடு.

"பிள்ளை திரும்பிப் போனால்? பழைய மாதிரி வருமோ?"

"பழையதுக்குத் திரும்பிப் போக முடியாதுங்க. அந்தக் கதவு ஒருதரம் மூடினா மூடினதுதான். புதுசுல பிள்ளையைச் சேர்த்துக்கலாம்."

எங்களுக்கு வருவது ஒரு பிள்ளைக்கான சைல்ட் பெனிபிட் மட்டும். அதற்காக அவளுக்கு இத்தனையும் சரியவேண்டும். ட்ராமில் நின்றுகொண்டு வரும்போது, பேசாமல் விட்டுவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் பின்னால் வரும் கடன் அவள் தலையில்தான் விழும். அதையும் நினைத்தேன்.

அடுத்த ஓய்வு நாளில் மீன் குழம்பும் புட்டும் கட்டிக்கொண்டு இல்ஃபோர்டுக்குப் போனேன். தங்கச்சி கதவைத் திறந்துவிட்டுத் திரும்பவும் கட்டிலில் போய் இருந்தாள். மருந்து அவளை மந்தமாக்கியிருந்தது. ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் இடையில் நீண்ட நேரம் எடுத்தாள். மகளின் அறைக் கதவு திறந்திருந்தது. கட்டில் விரிப்பை மாற்றி, மடிப்பு விழாமல் இழுத்து விட்டிருந்தாள். தன்னுடைய கட்டிலை அவள் அப்படி வைத்திருக்கவில்லை.

அவள் சாப்பிடும்வரைக்கும் பொறுத்திருந்து, பிறகு சொன்னேன்.

கோப்பையை நிலத்தில் வைத்தாள். பிறகு, "அப்ப நீ அவளை எடுக்கிறாய்," என்றாள்.

"எடுக்கேல்லையடி. எங்களோட இருக்கிறாள் எண்டு சொல்லுறம். அவ்வளவுதான்."

"அக்கா, வேலைக்குப் போகேலாமல் இருக்கிறன். புருசன் இல்லை. நாலு கிழமைக்கு ஒருக்கா அந்தக் காசு வரேக்கை, நான் அவளின்ர அம்மா எண்டு ஆரோ ஒருத்தர் இன்னும் நினைக்கிறாங்கள் எண்டு இருக்கும். அதையும் நீ கேக்கிறாய்."

எழும்பிக் குசினிக்குப் போனேன். கோப்பைகளைக் கழுவினேன். அடுப்பைத் துடைத்தேன். வேலை முடிந்த பிறகும் குசினியிலேயே நின்றேன்.

வெளிக்கிடும்போது கதவடியில் வந்து நின்று சொன்னாள்: "நீ இப்ப ஒண்டும் கேக்காதை. முதல் நானே போன் பண்ணிச் சொல்லுறன். நீ கேட்டு, பிறகு அவங்கள் என்னட்டை விளக்கம் கேட்டால், அதுக்குப் பதில் சொல்ல எனக்கு ஏலாது."

அடுத்த கிழமை அவளே சொல்லிவிட்டாள். எனக்கு அது பிறகுதான் தெரிந்தது. போனில் பேசிய பெண், மகள் இப்போது யாரோடு இருக்கிறாள் என்று கேட்டாளாம். என் அக்காவோடு என்று சொன்னாளாம். அதை அந்தப் பெண் சரியாக விளங்கிக்கொள்ளாமல் மூன்று தரம் கேட்டாளாம். "மூண்டு தரமும் சொன்னன் அக்கா," என்றாள்.

ஆலோசனைக்காரர் சொன்ன வரிசையிலேயே எல்லாம் நடந்தது. கிரெடிட் நின்றது. நான் எழுதிப்போட, பிள்ளையின் சைல்ட் பெனிபிட் என் பெயருக்கு மாறியது. தங்கச்சி யுனிவர்சல் கிரெடிட்டுக்கு எழுதிவிட்டுக் காத்திருந்தாள். அந்தக் கிழமைகளுக்கு முற்பணம் வாங்கினாள். பிறகு அதை மாதாமாதம் கழித்தார்கள். வாடகைக்கு வந்தது போதவில்லை. கவுன்சில் கொஞ்ச மாதத்துக்கு உதவியது, பிறகு முடியாது என்றது. வீட்டுக்காரரைக் குறைசொல்ல முடியாது, அவரும் பொறுத்துத்தான் பார்த்தார். கடைசியில் தங்கச்சி வீட்டை விட்டாள். மகளின் கட்டிலை யாருக்கோ கொடுத்தாள். எங்கள் வீட்டுக்கு நடக்கும் தூரத்தில், மிச்சத்திலேயே ஒரு தமிழ்க் குடும்பத்தின் மேல்மாடியில் ஒரு அறை எடுத்தோம். ஒரு ஆளுக்குத்தான் என்று அவர்கள் முதலே சொல்லிவிட்டார்கள்.

மகள் பள்ளிக்கூடம் விட்டு நேரே தாயிடம் போவாள். அங்கே சாப்பிடுவாள், வீட்டுப்பாடம் செய்வாள். இரவானதும் எங்களிடம் வருவாள். மழை நாட்களில் நனைந்து வந்து சோபாவை விரிப்பாள்.

"ரெண்டு அறை இருந்தால்தான் பிள்ளையைக் கொண்டுவரலாம். பிள்ளை இருந்தால்தான் ரெண்டு அறைக்குக் காசு தருவாங்களாம்," என்று தங்கச்சி ஒருநாள் சொன்னாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். அவள் சிரித்து எவ்வளவோ காலம் என்று அப்போதுதான் கவனித்தேன்.

சுகம் வந்தது, ஆனால் ஒரு நாளில் வரவில்லை. மருந்தைக் குறைத்தார்கள். வேலை தேடச் சொல்லி ஜொப் சென்ரரில் கூப்பிட்டார்கள். ஆஸ்பத்திரி ஒன்றில் காலைத் துப்புரவு வேலை கிடைத்தது. உழைத்தால் கிரெடிட்டில் ஒரு பகுதி கழியும். அதனால் கூட உழைத்தும் கையில் பெரிய மாற்றம் தெரியவில்லை. எண்டாலும் வேலைக்குப் போறது நல்லது என்றாள். அங்கே ஒருவரும் தன்னைப் பாவம் என்று பார்க்கிறதில்லையாம்.

பிள்ளைக்குப் பதினைந்து முடிந்த கோடையில், ஒரு இரவுச் சாப்பாட்டின்போது அவள் இவரைப் பார்த்து ஆங்கிலத்தில், "பெரியப்பா, நான் அம்மாவோடு போய் இருக்க விரும்புகிறேன். கோபிக்கவேண்டாம்," என்றாள்.

"கோபிக்க என்ன இருக்கு," என்று இவர் தமிழில் சொன்னார். பிறகு கை கழுவ எழும்பிப் போனவர் கனநேரம் வரவில்லை.

பக்கத்தில் சட்டன் என்ற ஊரில் ஒரு கடைக்கு மேலே இரண்டு அறை வீடு இருந்தது. வீட்டுக்காரர் தங்கச்சியின் சம்பளத்தையும் கிரெடிட்டையும் பார்த்துவிட்டு, வாடகைக்குப் பொறுப்பு நிற்க ஒரு ஆள் வேண்டும் என்றார். இவரிடம் எப்படிக் கேட்பது என்று நான் இரண்டு நாள் யோசித்தேன். மூன்றாம் நாள் கேட்க வாயெடுத்தபோது, "நேற்றே கையெழுத்து வச்சாச்சு," என்றார். வானை நிறுத்திவிட்டு, வேலை உடுப்போடேயே ஏஜென்சிக்குப் போயிருக்கிறார். ஏன் எனக்குச் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொன்னால் நீர் அழுவீர். எனக்கு நித்திரை வந்தது."

வீட்டுக்குக் கட்டவேண்டிய முற்பணத்துக்குத் தங்கச்சி சீட்டுக்காசு எடுத்தாள். மூத்த மகன் இவரின் வானில் கூட வந்து உதவினான். ஒரே நாளில் ஏற்றி இறக்கி முடித்துவிட்டோம். கொண்டுபோக அவ்வளவு சாமான் இருக்கவில்லை.

அந்தக் கிழமை நான் சைல்ட் பெனிபிட்டுக்குப் போன் எடுத்தேன். கனநேரம் பாட்டுக் கேட்டபிறகு ஒரு பொடியன் குரல் வந்தது. பிள்ளை இனி என்னோடு இல்லை, தாயோடு போய்விட்டாள் என்றேன். எந்தத் திகதியில் இருந்து என்று கேட்டான். சொன்னேன். அப்படியென்றால் அந்தப் பிள்ளைக்கு நீங்கள் இனிப் பொறுப்பில்லை, சரிதானே என்று கேட்டான். எழுதி வைத்ததைத்தான் வாசிக்கிறான் என்று எனக்குத் தெரியும்.

"ஓம்," என்று தமிழில் சொல்லிவிட்டேன். அவன் விளங்காமல் மறுபடி கேட்டான். ஆங்கிலத்தில் சொன்னேன்.

என்னுடையது நின்று, தங்கச்சிக்குத் தொடங்குவதற்கு இடையில் சில கிழமைகள் அந்தப் பிள்ளைக்கு ஒருவருக்கும் ஒன்றும் வரவில்லை. யுனிவர்சல் கிரெடிட்டில் பிள்ளையைச் சேர்க்கப் பள்ளிக்கூடக் கடிதம் கேட்டார்கள்; பிறகு வேறொன்று கேட்டார்கள். தங்கச்சி ஒவ்வொன்றையும் கொடுத்தாள். சத்தம் போடவில்லை. முன்பென்றால் அதற்குள் கட்டிலில் விழுந்திருப்பாள்.

இப்போது பிள்ளை மேல்வகுப்பில் படிக்கிறாள். இன்னும் படிக்கிறாளா என்று கேட்டு வரும் சைல்ட் பெனிபிட் கடிதங்கள் சட்டனுக்குப் போகின்றன. எங்கள் முன்னறைச் சோபா முழு நாளும் சோபாவாகவே கிடக்கிறது. பின்னேரங்களில் தங்கச்சி போன் எடுப்பாள். அவள் விடியவே எழும்பியவள், நான் அப்போதுதான் ஷிப்ட் முடித்து வந்திருப்பேன். என்ன சமையல் என்று கேட்பாள், சொல்வேன். அதற்குப் பிறகு இரண்டு பேருக்கும் களைப்பில் கதைக்க ஏலாது. ஆனாலும் போனை வைப்பதில்லை. அவள் வெங்காயம் வெட்டும் சத்தம் கேட்கும். உள்ளே மகள் எதையோ தேடி "அம்மா" என்று கூப்பிடுவது கேட்கும். நான் காலை நீட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே இருப்பேன்.