நைனாவை வைத்திருந்த குளிர்பெட்டி

நாங்கள் செய்தது ஒரு ரேடியோதான். முதல் நட்சத்திரங்கள் பிறந்த காலத்திலிருந்து வருகிற மிக மெல்லிய அலையைப் பிடிக்கிற ரிசீவர். நீரில் மிதக்கவிட்டால் தரையின் தொந்தரவு குறையும். எந்த நீர் என்று பேச்சு வந்தபோது, குழுத் தலைவி என்ற திமிரில், பழவேற்காடு என்றேன். என் ஊர், நான் சொன்னால் கேட்பார்கள் என்றும் சேர்த்துக்கொண்டேன்.

கேட்கத்தான் செய்தார்கள். ஏரியில் யார் எங்கே எத்தனை நாள் வலை விடுவது என்பதற்கு முறை உண்டு. அதைப் பாடு என்போம். நைனா, என் அப்பா, தன் பாட்டை எங்கள் மிதவைக்கு விட்டுக்கொடுத்தார். மோட்டாரில் எழும் சின்னப் பொறிகூட ரிசீவருக்கு இடி விழுந்த மாதிரி. அதனால் அது ஓடும் நேரத்தில் போட் எஞ்சின் கூடாது, மிக்சி கூடாது, ஃபேன் கூடாது என்று வீடு வீடாகப் போய் நின்றேன். சித்திரை வெயிலில் ஜனங்கள் அட்டையால் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். எனக்கு இரக்கமெல்லாம் வரவில்லை, வேலை நடக்கிறதே என்றிருந்தது.

பாடு முடிவதற்கு முதல் நாள் நைனா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தார். துபாயிலிருந்து அண்ணன் வந்து முகம் பார்க்க வேண்டுமென்று பொன்னேரியிலிருந்து குளிர்பெட்டி வந்தது. மறுநாள் காலை, கரைக் கொட்டகையில் பதிவைக் கவனித்துக்கொண்டிருந்த எங்கள் எஞ்சினியர் வாசலில் வந்து நின்றான்.

"மேடம், ஊருக்குள்ள ஏதோ மோட்டார் விட்டு விட்டு ஓடுது. இன்னிக்குத்தான் கடைசி..." பெட்டியைப் பார்த்ததும் நிறுத்தினான். பிறகு குரலைத் தாழ்த்தினான். "ரெண்டு மணி நேரம் போதும் மேடம். மூடியே இருந்தா குளிர் நிக்கும்."

கணக்கு சரி. அப்படிப் பேச அவனைப் பழக்கியவளே நான்தான். ஆனாலும் அவனை அறைய வேண்டும் போலிருந்தது.

பக்கத்து வீட்டு அத்தையின் காதில் விழுந்துவிட்டது. "எம் பேரனுக்கு ஒடம்பெல்லாம் வேர்க்குரு. ஃபேன் போடாதன்னு வந்து நின்ன இல்ல? இப்ப உங்க ஊட்ல மட்டும் இன்னாமே ஓடுது? ஊருக்குத்தான் உபதேசமா?"

சாவு வீடென்றும் பார்க்கவில்லை அவள். ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டு என் கையைப் பார்த்தார்கள். சுவிட்ச் என் தலைக்கு மேலேதான் இருந்தது.

நான் அணைக்கவில்லை. அண்ணன் வரணும் என்று மட்டும் சொன்னேன். நாளைக்குப் பாடு வேறு குடும்பத்துக்குப் போய்விடும், ரிசீவர் கிடங்குக்குப் போய்விடும். எஞ்சினியர் நகராமல் வாசலிலேயே நின்றான்.

உச்சி வெயிலில் அண்ணனின் போன் வந்தது. முதலாளி பாஸ்போர்ட்டைத் தரவில்லையாம். "எனக்காக வெச்சினு இருக்காதீங்க, எடுத்துடுங்க" என்று அழுதான்.

அம்மா எழுந்து போய்ச் சுவிட்சை அணைத்தாள். பெட்டி ஒரு குலுக்கு குலுக்கி அடங்கியது.

"இன்னும் யாருக்கு ஓடணும் இது? போ, உன் மிஷின ஓட்டிக்கோ."

எஞ்சினியர் என்னைப் பார்த்தான். தலையசைத்தேன். ஓடினான்.

துக்கத்துக்காக ஊரில் ஓர் எஞ்சின்கூட ஓடவில்லை. நாங்கள் எடுத்ததிலேயே சுத்தமான பதிவு அதுதான். கொட்டகையில் எங்கள் குழுவினர் கைதட்டியது வீடுவரை கேட்டது. அப்போது நைனாவை வெளியே கிடத்திக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தோம்.