எஃப் எட்டில் ஒட்டிய பொட்டு

அக்காவின் கீபோர்டில் எஃப் எட்டு கீயின் மேல் மெரூன் நிற ஸ்டிக்கர் பொட்டு ஒன்று இருக்கும். நான்தான் ஒட்டினேன். திருத்தங்கல் ரோட்டில், தினசரி காலண்டர் அச்சடிக்கும் கம்பெனியில் அவர் எனக்கு சீனியர், அக்கா என்றுதான் கூப்பிடுவேன். பக்கத்துப் பக்கத்து நாற்காலி. மதியச் சோற்றைப் பங்கு போட்டுத்தான் தின்போம். ஒவ்வொரு கடை ஆர்டருக்கும் ஒரு ஃபைல். வருஷம் முழுவதற்குமான நல்ல நேரம், கரிநாள் எல்லாம் அதற்குள் இருக்கும். ஃபைலைத் திருத்தும் கம்ப்யூட்டர் எடிட்டரில் சொல்லைத் தேடவும் மாற்றவும் என் வசதிக்கு நான் கீகளை மாற்றி வைத்திருந்தேன். தேட எஃப் ஐந்து. திறந்திருக்கும் ஃபைலில் மட்டும் மாற்ற எஃப் ஏழு. அதைப் பார்த்துவிட்டு, தனக்கும் வேண்டுமென்றார். போட்டுக் கொடுத்தேன்.

சீசன் நெருக்கத்தில் இன்னொன்று கேட்டார். எல்லா ஃபைலிலும் ஒரே அடியாக மாற்ற ஒரு கீ, நடுவில் ‘மாற்றவா?’ என்று அது கேட்டுக்கொண்டு நிற்கக் கூடாது. விரல் தவறினால் அம்புட்டும் போச்சு என்று இரண்டு நாள் மல்லுக்கு நின்றேன். அவர் விடவில்லை. எஃப் எட்டில் வைத்து, கண்ணில் படட்டுமென்று பொட்டையும் ஒட்டினேன்.

ஒரு நகைக்கடைக்காரர், தன் கடைப் பெயர் போட்ட காலண்டரில் கரிநாள் என்ற சொல்லே வரக் கூடாது என்றார். அந்த ஒரு ஃபைலில் மட்டும் அதை எடுக்கப்போன அக்கா, எஃப் ஏழுக்குப் பதில் எஃப் எட்டை அழுத்திவிட்டார். எல்லாக் கடைக் காலண்டரிலும் கரிநாள் காணாமல் போனது. லோடு போய்ச் சேர்ந்த பிறகுதான் போன் மேல் போன். கரிநாள் பார்க்காமல் எங்கள் பக்கம் யார் கல்யாணம் வைப்பார்கள்?

முதலாளி இருவரையும் கூப்பிட்டார். சேர்ந்து திட்டு வாங்குவோம், சேர்ந்து திருத்துவோம் என்று நினைத்துக்கொண்டு நின்றேன், மடச்சி. அக்கா என் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்:

"நான் அந்தக் கீயக் கேக்கவே இல்ல மொதலாளி. அவளாப் போட்டு வச்சிருக்கா."

போட்டது என் கைதானே. அன்றைக்கே என் வேலை போனது. சிவகாசியில் எந்த அச்சகத்தில் போய்க் கேட்டாலும், கரிநாளைத் தின்ற பிள்ளை என்று சிரித்தார்கள். அதெல்லாம் ஆறிவிட்டது. என்னோடு சோறு தின்ற வாயால் சொன்னாரே, அது மட்டும் ஆறவில்லை.

இப்போது விருதுநகரில் வேறு வேலையில் இருக்கிறேன். போன வாரம், நான்கு வருஷத்தில் முதல் முறையாக, அக்காவிடமிருந்து போனில் செய்தி வந்தது. நல்லா இருக்கியா என்றுகூட இல்லை. கம்ப்யூட்டரை மாற்றிவிட்டார்களாம், பழைய கீ எதுவும் வேலை செய்யவில்லையாம்.

"நீ போட்டுக் குடுத்த கீயெல்லாம் அனுப்பு தாயி. எல்லா ஃபைலையும் மொத்தமா மாத்துறதுக்கு நான் கேட்டு வாங்குனேனே, அதையும் மறக்காம அனுப்பு."

நான் கேட்டு வாங்குனேனே! முதலாளி முன்னால் நின்றபோது இந்த ஞாபகம் எங்கே போயிருந்தது? எத்தனை முறை படித்தேன் என்று தெரியாது. பதில் அடித்தேன்:

"எந்தக் கீ அக்கா? நீங்க கேக்கவே இல்லியே."