எந்தக் கதவில் ஒட்டுவது?

விளாங்குடியில் பஸ் ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தவர் கோர்ட் அமீனா. உத்தரவோடு வீடு தேடிப் போகிறவர். ஆள் இல்லையென்றால் கதவில் ஒட்டிவிட்டு வருகிறவர். ஒல்லியான உடம்பு, மடியில் வெளுத்த பை, அதில் ஒரு பசை டப்பா. பேசும்போதும் அவர் கண் சன்னலுக்கு வெளியே ஓடும் கதவுகளிலேயே இருந்தது.

என் கையிலிருந்த பேப்பரை எட்டிப் பார்த்தார். பூமி சூடாவதைத் தடுப்பது எல்லா நாடுகளின் கடமை என்று சர்வதேச நீதிமன்றம் சொன்ன செய்தி.

“அந்தக் கோர்ட்டுக்கு அமீனா யாருண்ணே?”

நான் சட்டக் கல்லூரியில் இதையே பாடம் நடத்துகிறவன். “யாரும் கெடையாதுண்ணே. அதான் ஒருத்தரும் மதிக்கிறதில்ல.”

“நான் ஒட்டுனதையும்தான் கிழிச்சுப் போடுறாக. ஆனா அதுக்குள்ள தெருவே படிச்சிருதுல்ல? அப்புறம் அந்தாளு டீக்கடைப் பக்கம் தலைகாட்ட மாட்டாரு.”

“நாடுகளுக்கு ஏதுண்ணே டீக்கடை?”

அவர் கண் கதவுகளை விட்டு என் பேப்பருக்கு வந்தது. பழங்காநத்தத்தில் இறங்கும்போது படியில் நின்று திரும்பினார்.

“பக்கத்து வீட்டுக்காரன் இல்லாத நாடு உண்டாண்ணே? வாரேன்.”

வகுப்பறைச் சுவரில் தொங்கும் உலகப் படத்தில் இப்போது எனக்கும் வரிசையாகக் கதவுகள்தான் தெரிகின்றன. முதலில் எதில் ஒட்டுவது என்பதுதான் விளங்கவில்லை.