புள்ளிக்குப் பின் ஓர் இடைவெளி

அன்று சாயங்காலம் மெட்ராஸ் கம்ப்யூட்டர் அறையில் நான் இருந்தேன். என்னைப் போலவே பெரிய காஞ்சிபுரத்திலிருந்து வேலைக்கு வந்த நண்பன் இருந்தான். எங்கள் ஊர் நெசவாளர் சங்கத்துக் குமாஸ்தா இருந்தார். அதிகாரி இல்லை. லீவில் போகுமுன் மாஸ்டர் பாஸ்வேர்டை எங்களிடம் சொல்லிவிட்டுப் போயிருந்தார். அதில் நுழைந்துவிட்டால் மெஷின் மறுகேள்வி கேட்காது. அழி என்றால் அழித்துவிடும்.

சங்கம் முதல்முறையாக ஜரிகைப் பங்கீட்டை மெஷினிடம் கொடுத்திருந்தது. மறுநாள் காலையில் அந்தப் பட்டியலைப் பார்த்துத்தான் தறிக்காரர்களுக்கு ஜரிகை. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். பட்டியலில் அப்பா பெயரும் இருந்தது. டிஸ்கில் இடமில்லாமல் வேலை பாதியில் நின்றது. 'கே.ஓல்டு' என்ற பழைய பட்டியலை அழித்தால் இடம் கிடைக்கும்; அதற்காக மாஸ்டர் பாஸ்வேர்டில் நுழைந்தோம். எங்கள் ஊர்ப் பட்டியல்களுக்கெல்லாம் 'கே'தான் இனிஷியல். வெறும் 'கே.' என்றால் காஞ்சிபுரம் மொத்தமும்.

நண்பன் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ். படபடவென்று அடித்தான். ரிட்டர்னைத் தட்டுமுன் கையைப் பிடித்தேன்.

"டெலீட்டை எடுத்துட்டு அதே வரியில லிஸ்ட்னு போடு. எது போவப் போவுதுன்னு பாத்துக்கலாம்."

"இன்னாபா, அழிக்கிறதுக்கு முன்னாடி தரிசனமா?"

"தம்பிங்களா, பஸ் பூடும்," என்றார் குமாஸ்தா.

நான் விடவில்லை. முனகிக்கொண்டே மாற்றினான். மெஷின் அடிக்க ஆரம்பித்தது, நிற்கவே இல்லை. உறுப்பினர்கள், ஜரிகை, பங்கீடு, எல்லாம் வந்தது. கடைசியில், 'ஓல்டு' என்று ஒன்றுமில்லை என்றது.

இனிஷியலுக்குப் புள்ளி வைத்தால் ஓர் இடம் விட வேண்டும்; டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் அவன் விரலில் ஏற்றிய பாடம். அந்த இடைவெளியால் 'கே.' தனியாக, 'ஓல்டு' தனியாக நின்றுவிட்டது.

"ஊரையே தொடச்சிருப்பேன்டா!" என்றான்.

"எங்கப்பா பேருக்கு மட்டும் இடம் வுட்டு அடி, போதும்."

இடைவெளியை எடுத்து மறுபடி லிஸ்ட். ஒரே பெயர். பிறகுதான் டெலீட். உடனே மாஸ்டர் பாஸ்வேர்டிலிருந்து வெளியேறி, எங்கள் சொந்தப் பாஸ்வேர்டில் நுழைந்து, நின்ற வேலையை முடித்துப் பட்டியலை அச்சிட்டோம். முழுசாக வந்தது!

பஸ்ஸில் வாலாஜாபாத் தாண்டியும் குமாஸ்தா பட்டியலை மடியிலிருந்து இறக்கவில்லை. "நம்ம பசங்க மெஷின்ல போட்டது" என்று பக்கத்து சீட்டுக்காரரிடம் சொல்லிக்கொண்டே வந்தார்.

காலையில் சங்கத்தில் அப்பா பெயரைக் கூப்பிட்டார்கள். ஜரிகையை வாங்கியவர், "மெஷின்ல என் பேரும் குந்திக்கினு இருக்குது பாருங்கபா!" என்று அங்கிருந்த அத்தனை பேருக்கும் டீ சொன்னார். ஆன செலவு மூன்று ரூபாய்.