வசந்தா நின்று கேட்ட இடங்கள்

அன்று காலை எழுந்ததும் முதலில் மொட்டைமாடிக்குப் போனேன். முந்தின நாள் காயப்போட்ட துணிகளை எடுக்க மறந்திருந்தேன். இரவில் தூறல் போட்டு எல்லாம் நனைந்து கிடந்தன. வாளியில் அள்ளிக் கீழே கொண்டுவந்து மறுபடியும் பிழிந்துகொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. பொழிச்சலூரிலிருந்து வசந்தாவின் கணவர் சேகர் சார்.

"மாலதி, வசந்தா போயிட்டா" என்றார்.  நான் கேட்டதைப் போல அவரே, "ஆஸ்பத்திரியிலதான். தூக்கத்துலயே" என்றார். ரிசீவரை வைத்த பிறகும் ஈரத் துணி என் கையிலேயே இருந்தது. தரையில் சொட்டிக்கொண்டிருந்தது.

இதைப் படிக்கும் உங்களில் பலர் எங்களோடு தாம்பரம் வங்கிக் கிளையில் வேலை பார்த்தவர்கள். உங்கள் வீட்டு ஹாலில் இன்று பாடிக்கொண்டிருக்கும் ஸ்டீரியோ ஸ்பீக்கர்கள் வசந்தா தேர்ந்தெடுத்தவையாக இருக்கலாம். சேமிப்புக் கணக்குப் பிரிவில் உட்கார்ந்திருந்த ஒரு பெண் எப்படி ஸ்பீக்கர் நிபுணரானாள் என்று புதிதாக மாற்றலாகி வருகிறவர்கள் கேட்பார்கள். அவள் சொல்லும் காரணம் ஒன்றுதான்.

"எங்க வீட்டுல முதல் செட் வாங்கினதும் அவர் ஹால்ல உக்காந்து ஆஹா ஓஹோங்கறார். சமையல்கட்டுல எனக்கு வெறும் டும் டும்தான் வருது. பக்கத்து வீட்டுல அம்மி கொத்தற மாதிரி. வாங்கறதுக்கு முன்னாடி என்னை ஏன் யாரும் கேக்கலன்னு கோவம் வந்தது. அப்போலேர்ந்து ஆரம்பிச்சதுதான்."

எண்பதுகளின் நடுவில் கேஷியர் கோபால் சார் ஸ்பீக்கர் வாங்கப் போனபோது நானும் உடன் இருந்தேன். அவர் மனைவியும் வந்திருந்தார். தாம்பரம் மார்க்கெட்டில் ஒரு சிறிய கடை. கடைக்காரர் சத்தத்தை முழுக்க வைத்துவிட்டு, "பாஸ் சவுண்டு பாருங்க சார். நெஞ்சுல வந்து குத்துது பாருங்க" என்றார்.

"குத்தறது இருக்கட்டும். கொஞ்சம் குறைங்க" என்றாள் வசந்தா.

"குறைச்சா இன்னா மேடம் கேக்கும்?"

"அதத்தான் நானும் பார்க்கணும்."

மூன்று ஜோடிகளையும் ஒரே அளவு சத்தத்தில் மாற்றி மாற்றிப் போடச் சொல்லிவிட்டு, அவள் கடையை விட்டு இறங்கிப் பக்கத்துப் பாத்திரக் கடைக்குள் போய் நின்றுகொண்டாள். கடைக்காரருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "இன்னா சார் இது? ஸ்பீக்கர் பாக்க வந்துட்டு அந்தம்மா அங்க குக்கர் பாத்துகினு கீறாங்க!"

திரும்பி வந்தவள், "மூணாவது ஜோடி" என்றாள்.

"அது சாதாரண சரக்கு மேடம். வெலையும் கம்மி."

"கம்மி வெலைங்கறது அதோட குத்தமா?"

கோபால் சார் லேசாக முறைத்தார். "நான்தானம்மா எதிர்ல உக்காந்து கேக்கப் போறேன்?"

"ஞாயித்துக்கிழமை ஒரு மணி நேரம் நீங்க கேப்பீங்க சார். மத்த நாளெல்லாம் அது பாட்டுக்குப் பாடிட்டிருக்கும். உள்ள வேலை பார்த்துக்கிட்டு கேக்கப் போறது இவங்க. யாருக்கு வாங்கறோம்?"

அதுவரை வாயே திறக்காமல் நின்ற கோபால் சாரின் மனைவி, "மூணாவதே எடுங்க" என்றார். அந்த மாதம் முழுவதும் கிளையில் இதுதான் பேச்சு.

அவள் கைப்பையில் எப்போதும் ஒரு கேசட் இருக்கும். ஒரு பக்கம் அவள் மகள் சமூக அறிவியல் பாடத்தை வாய்விட்டுப் படிப்பது, மறுபக்கம் நாதஸ்வரம். எந்தக் கடையிலும் முதலில் பாடத்தைத்தான் போடச் சொல்வாள். "பாட்டு நம்மள ஏமாத்திடும். பாட்டு நல்லா இருந்தா ஸ்பீக்கரும் நல்லா இருக்குன்னு நெனச்சுக்குவோம். தெரிஞ்ச குரலப் போட்டாதான் பொய் தெரியும்" என்பாள். மரப்பெட்டியை விரல் முட்டியால் தட்டிப் பார்ப்பாள். "என் பொண்ணு குடத்துக்குள்ள உக்காந்து படிக்கறா. வேண்டாம், வாங்க போகலாம்" என்று ஒரு கடையில் எழுந்தே விட்டாள். பொழிச்சலூரில் அவள் வீட்டுக்கு மேல் விமானம் இறங்கும்போது பேச்சு, பாட்டு எல்லாவற்றையும் கையைத் தூக்கி நிறுத்திவிட்டு, அது போன பிறகு விட்ட இடத்திலிருந்து தொடர்வாள். காது என்பது அவளுக்கு அத்தனை மரியாதைக்குரிய பொருள்.

இனி, நான் இதை எழுத உட்கார்ந்ததற்கான காரணத்துக்கு வருகிறேன்.

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்து, பேச்சும் போன பிறகு அவரை எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்தோம். குரோம்பேட்டையில் ஒரே படுக்கையறை கொண்ட வீடு. ஹாலில் சுவரோரமாக அவருக்குக் கட்டில் போட்டோம். நாதஸ்வரம் என்றால் அவருக்கு உயிர். அவருக்காகவே ஒரு ஸ்டீரியோ வாங்கினோம். வசந்தாதான் வந்து பார்த்தாள். கடைக்காரர் இரண்டு ஜோடி ஸ்பீக்கர்களை வீட்டுக்கே அனுப்பியிருந்தார். அவள் வழக்கம் போலச் சமையலறையில் நின்று, குழாயைத் திறந்துவிட்டு, அடுப்பில் குக்கரையும் ஏற்றிக் கேட்டாள். "இது தெளிவா இருக்கு மாலு. தண்ணிச் சத்தத்துலயும் ஒவ்வொரு எழுத்தும் வருது" என்று ஒரு ஜோடியைச் சொன்னாள். உண்மைதான். பருப்பைத் தாளித்துக்கொண்டே என்னால் ஒரு சங்கதி விடாமல் கேட்க முடிந்தது. ஒரு ஸ்பீக்கர் டி.வி. பக்கத்தில், இன்னொன்று அப்பாவின் தலைமாட்டுக்கு அருகில் இருந்த அலமாரித் தட்டில். வேறு இடமில்லை.

பாட்டுப் போட்டால் அப்பா மெல்ல முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வார். கண்ணை மூடி லயித்துக் கேட்கிறார் என்று நாங்கள் நினைத்தோம். வருகிறவர்களிடமும் அப்படியே சொன்னோம்.

ஏறக்குறைய ஒரு வருடம் கழித்து, ஏதோ விசேஷம், வீடு நிறைய உறவுக்காரர்கள். அலுவலகத்திலிருந்து என்னோடு வந்த வசந்தாவுக்கு உட்கார நாற்காலி இல்லை. அப்பாவின் தலைமாட்டில் உட்கார்ந்து, "நான் குடுக்கறேன், நீ போய் அவங்களப் பாரு" என்று ஹார்லிக்ஸ் டம்ளரை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டாள். கேசட் ஓடிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் அவள் கூப்பிட்ட குரலே வேறு மாதிரி இருந்தது.

"மாலு, இங்க வா. இந்தத் தலகாணியில தலைய வெச்சுப் பாரு."

அப்பாவின் தலைக்குப் பக்கத்தில் என் தலையைச் சாய்த்தேன். ஹாலின் நடுவில் நின்றால் தெரியாது. சமையலறையில் அது தெளிவு. அந்தத் தலையணையில் ஒவ்வொரு ஸ்வரமும் ஊசியாக இறங்கியது. நான் சட்டென்று தலையை எடுத்தேன். திரும்பிய பக்கம் சுவர்தான் இருந்தது, அப்பா தினமும் திரும்பிக்கொண்ட அதே சுவர்.

வசந்தா எழுந்து பாட்டை நிறுத்தினாள். அப்பாவைப் பார்த்து, "ஏன் அப்பா, இத்தன நாளா..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டாள். அவரால் பேச முடியாது என்பது அவளுக்கும் தெரியும். வந்திருந்த என் பெரியப்பா, "என்னம்மா, பாட்ட நிறுத்திட்டே? அவர் நல்லா கேட்டுட்டிருந்தாரே" என்றார். 

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆட்டோவில் தன் வீட்டுப் பழைய ஸ்பீக்கர்களை ஏற்றிக்கொண்டு வந்தாள். அவை கொஞ்சம் மந்தமானவை, மென்மையானவை. அப்பாவின் கால்மாட்டில், எதிர்ச் சுவரோரமாக இரண்டு ஸ்டூல் போட்டு வைத்தாள். எங்களுடையதைத் தன் வீட்டுக்கு எடுத்துப் போனாள். "எங்க வீட்டுல யாரும் இதுகிட்ட படுக்கப் போறதில்ல" என்று மட்டும் சொன்னாள்.

அதற்குப் பிறகுதான் நீங்கள் எல்லோரும் சொல்லிச் சிரிக்கும் அந்த வசந்தா. கடையில் ஸ்பீக்கர் பார்க்க வரமாட்டேன், வீட்டுக்குக் கொண்டுவந்து வைத்தால்தான் சொல்வேன் என்பாள். வந்ததும் முதல் கேள்வி, "யார் கேக்கப் போறாங்க? எங்க உக்காருவாங்க, எங்க படுப்பாங்க?" சமையலறையில் நிற்பாள், ஊஞ்சலில் உட்காருவாள், பிறகு யார் கட்டிலாக இருந்தாலும் ஏறிப் படுத்துவிடுவாள். பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு ஓடுவார்கள். "ஸ்பீக்கர் பார்க்க வந்த ஆன்ட்டி எங்க தாத்தா கட்டில்ல தூங்கிட்டாங்க" என்று பல்லாவரத்தில் ஒரு பையன் தெரு முழுக்கச் சொல்லிவைத்தான். அவளும் அதைக் கேட்டுச் சிரித்தாள். காரணத்தை யாரிடமும் சொன்னதில்லை. எனக்குத் தெரியும் என்பதால் என்னிடமும் அதைப் பற்றிப் பேசியதில்லை.

துக்கத்துக்குப் போன அன்று பொழிச்சலூர் வீட்டு வாசலில் பந்தலுக்கடியில் உட்கார்ந்து அதே கதையைத்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். கோபால் சார் பாத்திரக் கடையைச் சொன்னார். வேறொருவர் கட்டிலைச் சொன்னார். அன்போடுதான் சொன்னார்கள், அழுகைக்கு நடுவில் சிரித்தார்கள். என்னால் அங்கே இருக்க முடியவில்லை. உள்ளே போனேன். சேகர் சார் தனியாக நின்றிருந்தார்.

"மாலதி, ஒண்ணு கேக்கணும்" என்றார். "உங்க அப்பா விஷயம் உங்களுக்கு ஞாபகம் இருக்கா? அவ அத விடவே இல்லம்மா. ஆஸ்பத்திரியிலகூட, 'வாயில்லாத மனுஷன ஒரு வருஷம் சித்ரவதை பண்ணிட்டேன்'னு சொல்லிட்டிருந்தா. உங்ககிட்ட பேசிடுன்னு சொல்வேன். 'அப்புறம் அவருக்குச் சரியாச்சான்னு அவகிட்ட எப்படிக் கேக்கறது, அவ அப்பாவாச்சே'ம்பா."

நான் அவரிடம் சொன்னேன். வசந்தாவின் ஸ்பீக்கர்கள் வந்த பிறகு நடந்ததைச் சொன்னேன். அப்பா சுவர்ப் பக்கம் திரும்புவதை நிறுத்திவிட்டார். மத்தியானங்களில் நாதஸ்வரம் போட்டால் எதிர்ச் சுவரையே பார்த்துக்கொண்டிருப்பார். ஒரு நாள் அவருடைய இடது கை கட்டில் சட்டத்தில் தாளம் போட்டது. சரியான தாளம். பக்கவாதம் வந்த பிறகு முதல் முறையாக. அதன் பிறகு இறந்துபோகும் வரைக்கும் அநேகமாகத் தினமும்.

சேகர் சார் என் முகத்தையே பார்த்தார். "தாளம் போட்டாரா?"

"ஆமாம் சார்."

"அவளுக்குத் தெரியுமா?"

"இல்ல. சொல்லல."

அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறி மறுபடியும் போட்டுக்கொண்டார்.

ஏன் சொல்லவில்லை என்று அன்றிலிருந்து யோசிக்கிறேன். மறைக்க வேண்டும் என்று மறைக்கவில்லை. மனஸ்தாபமும் இல்லை. அடுத்தடுத்த மேஜைகளில் உட்கார்ந்தோம், ஒரே டப்பாவில் சாப்பிட்டோம், ஒரே ரயிலில் திரும்பினோம். அவள் வரும் சாயங்கால வேளைகளில் அப்பா தூங்கிக்கொண்டிருப்பார். சரிசெய்து கொடுத்தவளே அவள்தானே, சரியாகிவிட்டது என்று அவளுக்குத் தெரியாதா என்று நினைத்திருக்கிறேன். அரையாண்டுக் கணக்கு முடிப்பு, பிள்ளைகளின் பரீட்சை, தண்ணீர் லாரி. எல்லாவற்றையும் அவளிடம் பேசினேன். அவளுக்குத் தேவையாக இருந்த அந்த ஒரு செய்தியை மட்டும் பேசவில்லை. வீட்டுக்கு வீடு கட்டிலில் படுத்து அவள் தேடிக்கொண்டிருந்ததற்கான பதில் என்னிடம் இருந்தது. எனக்கு அது ஒரு பதில் என்றே தெரியவில்லை.

அவளைப் பற்றிச் சிரித்துப் பேசுகிறவர்கள் தொடர்ந்து பேசுங்கள். அவளுக்கும் அது பிடிக்கும். ஆனால் அவள் ஏன் படுத்துப் பார்த்தாள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அவள் காது எனக்கு வரவில்லை. எது தெளிவு, எது மந்தம் என்று இன்றும் எனக்குச் சட்டென்று பிடிபடாது. அவளிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது அவள் கேட்ட அந்த முதல் கேள்விதான்: யார் கேக்கப் போறாங்க, எங்க படுப்பாங்க? ஸ்பீக்கருக்கு மட்டுமல்ல, வீட்டில் எதை மாற்றி வைத்தாலும் இப்போது அது எனக்குள் வந்துவிடுகிறது.

பத்தாம் நாள் காரியத்துக்குப் போனபோது சேகர் சார் இன்னொன்றும் சொன்னார். கோவிலம்பாக்கத்திலிருந்து ஒரு குடும்பம் போன் செய்ததாம். அவர்களுக்குச் செய்தி தெரியாது. விபத்தில் முதுகெலும்பு அடிபட்டுப் படுக்கையில் இருக்கும் மகளுக்காக இரண்டு ஜோடி ஸ்பீக்கர்கள் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். வசந்தா வருவதாகச் சொல்லியிருந்தாளாம். "இனிமே வர முடியாதுன்னு சொல்லிடறேன்" என்றார். "இருங்க சார், நான் பேசிக்கறேன்" என்று நம்பரை வாங்கிக்கொண்டேன். ஆறுதலாக நாலு வார்த்தை சொல்லப் போகிறேன் என்று அவர் நினைத்திருப்பார்.

நான் நினைத்தது அதுவல்ல. வரும் ஞாயிற்றுக்கிழமை அங்கே போகப் போகிறேன். என் கணவரிடமும் சொல்லவில்லை, சொன்னால், "உனக்கு இதுல என்ன தெரியும்?" என்பார். நியாயம்தான். அந்தப் பெண்ணால் பேச முடியும் என்று சேகர் சார் சொன்னார். அதனால் நான் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. அவள் பக்கத்தில் தலையைச் சாய்த்து அவளோடு சேர்ந்து கேட்பேன், அவளையே சொல்லச் சொல்வேன். ஒரு வாரம் கழித்து மறுபடியும் போவேன், எப்படி இருக்கிறது என்று கேட்க.