வென்றும் கீழிறங்கிய பருவம்

என் அண்ணன் இலண்டனின் ரக்பி லீக் கழகம் ஒன்றில் வீரர்களின் காயங்களைக் கவனிக்கும் பிசியோவாக இருந்தார். அந்தப் பருவம் தொடங்குமுன்பே ஒன்று முடிவாகியிருந்தது: எத்தனை ஆட்டங்களில் வென்றாலும் கழகம் அடுத்த ஆண்டு கீழ்ப்பிரிவுக்குத்தான் போகும். கழகங்களைத் தரப்படுத்துபவர்கள் மைதானத்துக்கும் வருமானத்துக்கும் கொடுத்த மதிப்பெண் போதவில்லையாம். கீழ்ப்பிரிவுக்குப் போனால் அண்ணனுக்கு வேலை இல்லை. முடிவை முதலிலேயே சொல்லிவிடும் கதைகள் இலக்கியம் படிக்கும் எனக்குப் புதியவை அல்ல. அந்த முடிவு தெரிந்தும் இவர்கள் ஆடியதுதான் விளங்கவில்லை.

கடைசி ஆட்டத்தன்று வேலியோரம் நின்று கேட்டேன். "அண்ணை, இண்டைக்கு வெண்டா முடிவை மாத்துவினமோ?"

"மாத்த மாட்டினம்."

"அப்ப ஏன் இப்பிடி விழுந்து அடிபடுகினம்?"

"மேட்ச் எண்டா அடிபடத்தானே வேணும்? விசர்க் கேள்வி கேக்காமல் தள்ளி நில்லு."

இறுதி நிமிடத்தில், புருவத்தில் இரத்தம் வழிய எங்கள் வீரர் ஒருவர் மூலையில் பாய்ந்து, கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் ஊன்றிப் புள்ளி எடுத்தார். வென்றுவிட்டோம். முன்பின் தெரியாத ஒரு பெண் என்னைக் கட்டிப்பிடித்து அழுதார். எதற்காக என்று அறியாமலே நானும் கைதட்டினேன்.

ஈஸ்ட் ஹாம் வீட்டிலிருந்து அம்மா அழைத்தார். அண்ணன் சிரித்த முகத்தோடு கைபேசியை என்னிடம் தந்துவிட்டு வீரர்களிடம் ஓடினார்.

"வெண்டாச்சோ?"

"ஓம் அம்மா."

"அப்பாடா! அப்ப அண்ணைக்கு வேலை இருக்கும், என்ன?"

"இல்லை அம்மா. அது போயிட்டுது."

"பின்னை ஏன் அங்கை எல்லாரும் பாடுகினம்?"

திரும்பிப் பார்த்தேன். அண்ணனும் பாடிக்கொண்டிருந்தார்.

"தெரியேல்லை அம்மா," என்றேன்.