பத்தொன்பதாம் எண் வீட்டின் முப்பத்தொரு யூனிட்

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாட்டு மேசையைத் துடைப்பது மீட்டர்காரரின் மனைவி. துடைத்த பிறகு சாப்பிடுகிற பொருள் எதையும் அதன்மேல் வைக்கக் கூடாது என்பது மீட்டர்காரர் போட்ட சட்டம். முதலில் ஈரத்துணி, அப்புறம் காய்ந்த துணி, அதற்கப்புறம் அவர் புறங்கையால் தடவிப் பார்ப்பார். ஒருமுறை எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டி, மேசையில் விரித்த தெரு வரைபடத்தில் பதினோராம் எண் வீட்டைச் சுற்றி வட்டமாக ஊறிவிட்டது. யாரோ காரணத்தோடுதான் வட்டம் போட்டிருக்கிறார்கள் என்று நினைத்த, ஞாயிறுதோறும் வந்து உட்காரும் மருந்துக்கடைக்காரர், அந்த வீட்டுக்காரரை இரண்டு வாரம் பின்தொடர்ந்தார்.

"எத்தனை தடவைங்க துடைக்கிறது? ஆபரேஷனா பண்ணப் போறீங்க?"

"இன்னைக்கு மனு எழுதறோம். மை பரவிடக் கூடாது."

அவள் துணியைப் பிழிந்தாள். மனு என்ற சொல்லை அவள் வியாழக்கிழமைதான் முதலில் கேட்டாள்.

மீட்டர்காரர் என்றால் தண்ணீர் மீட்டர். இருபத்திரண்டு வயதில் குடிநீர் வாரியத்தில் சேர்ந்து, ஐம்பத்தெட்டில் முட்டி தேய்ந்து வெளியே வந்தவர். முப்பத்தாறு வருஷம் வீடு வீடாக வாசலில் குனிந்து, இரும்பு மூடியைத் தூக்கி, கண்ணாடியில் படிந்த சேற்றைக் கட்டைவிரலால் வழித்து, எண்ணைப் பார்த்து நோட்டில் எழுதினார். எத்தனை நாய் கடித்தது என்று கேட்டால் இடதுகால் வலதுகால் பிரித்துச் சொல்வார். தண்ணீர் அளக்கப் போனவருக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்த வீடுகள் மூன்று. அந்த மூன்று வீட்டாரையும் அவர் இன்றைக்கும் எந்த விஷயத்திலும் சந்தேகப்படுவதில்லை. மேற்பார்வையாளர் பதவி இதோ வருகிறது என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள், ஓய்வுதான் வந்தது.

அதற்குப் பிறகான ஆறு மாதத்தை அவர் மனைவி மறக்க மாட்டாள். சமையலறைக் குழாய் முன்னால் முக்காலி போட்டு உட்கார்ந்து சொட்டு எண்ணிக்கொண்டிருந்தார். "நிமிஷத்துக்குப் பதினாலு," என்பார். வாஷரை மாற்றிவிடலாமே என்றால், "மாத்திட்டு அப்புறம் நான் என்ன பண்றது?" என்பார். சவரம் கிடையாது. குளியல்கூட அவள் இரண்டு முறை சொன்னால்தான். அவள் துணி தைக்கிறவள். முன்னறை ஜன்னலோரம் அவள் மிஷின். கால் மிதிக்கும், காது மட்டும் சமையலறையில் இருக்கும்.

அப்படி இருந்தவரை எழுப்பியது செய்தித்தாள். துப்புத் துலங்காத வழக்குகள் என்று ஒரு பக்கம் போட்டிருந்தார்கள். கடைசிப் பத்தி அவர்கள் தெருவைப் பற்றியது. ஆறு வயதுப் பெண் குழந்தை ஒன்று செவ்வாய்க்கிழமை சாயங்காலம் பள்ளிக்கூடத்திலிருந்து தெருமுனை வரை நடந்து வந்ததை மூன்று பேர் பார்த்தார்கள். முனையிலிருந்து வீடு நாற்பதடி. அந்த நாற்பதடியில் காணாமல் போயிற்று. போலீஸ் வந்தது, நாய் வந்தது. நாய் தபால்பெட்டி வரை ஓடி அங்கே படுத்துக்கொண்டது. இப்போதைக்கு இருபத்தேழு வருஷம் ஆகிறது. அதற்குமேல் யாருக்கும் ஒன்றும் தெரியாது.

படித்து முடித்ததும் முக்காலியிலிருந்து எழுந்தார். கட்டிலுக்கு அடியிலிருந்து டிரங்குப் பெட்டியை இழுத்தார். ஆபீசில் கம்ப்யூட்டர் வந்தபோது பழைய ரீடிங் நோட்டுகளையெல்லாம் எடைக்குப் போடப் பார்த்தார்கள். மனசு கேட்காமல் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்திருந்தார். அன்று சவரம் செய்துகொண்டார்.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் அப்படித்தான் ஆரம்பித்தது. சேர்ந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் மருந்துக்கடைக்காரர், அந்தக் காலத்தில் அதே கடையில் பொட்டலம் மடித்துக்கொண்டிருந்தவர். அந்தச் செவ்வாய்க்கிழமை முன்பின் தெரியாத ஆள் ஒருவன் இருமல் மருந்து வாங்கிப் போனான் என்பது அவர் கட்சி. "இருமாத ஆளுக்கு எதுக்கு சார் இருமல் மருந்து?" என்று நாலு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார். இன்னொருவர் டைப்பிங் டீச்சர், எழுபது வயது. பணம் கேட்டுக் கடத்தல்காரன் கடிதம் போடவே இல்லை என்பதைப் பிடித்துக்கொண்டார். "லெட்டர் வரலைன்னா என்ன அர்த்தம்? அவனுக்கு டைப் அடிக்கத் தெரியாது. ஊர்ல டைப் தெரிஞ்சவங்க அத்தனை பேரும் எங்கிட்ட படிச்சவங்க. அவங்க பேரையெல்லாம் அடிச்சிடுங்க." அந்தக் கணக்கில் நூற்றுப் பன்னிரண்டு பேர் விடுதலை ஆனார்கள்.

மீட்டர்காரரின் சான்று இவற்றுக்கெல்லாம் மேலே. தெருவில் நாற்பத்திரண்டு வீடு. குழந்தை காணாமல் போன அந்த இரண்டு மாதக் கணக்கில் நாற்பத்தொரு வீடு வழக்கப்படி. பத்தொன்பதாம் எண் வீடு மட்டும் எப்போதும் பன்னிரண்டு யூனிட் ஆகிற இடத்தில் முப்பத்தொன்று. அதைவிடப் பெரிய அதிசயம் அடுத்த இரண்டு மாதம்: மீட்டர் ஏழு யூனிட் பின்னால் போயிருந்தது.

"முதல்ல தண்ணியை ஊத்தியிருக்கான். அப்புறம் பயந்துபோய் மீட்டரைப் பின்னாடி திருப்பியிருக்கான்," என்றார் மீட்டர்காரர். "மனுஷன் பொய் சொல்வான். மீட்டர் சொல்லாது."

இதைச் சொல்லும்போது அவர் குரலில் வருகிற கனம் மனைவிக்குப் பிடிக்கும். சம்பளம் வாங்கின காலத்தில்கூட அவர் அப்படிப் பேசியதில்லை. அதனாலேயே நாலு வருஷம் டீ போட்டுக் கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொண்டிருந்தாள். ஏனென்றால் அந்த முப்பத்தொன்றைச் சொன்னது அவள்.

அந்த மாதம் அவருக்கு மஞ்சள் காமாலை. மேற்பார்வையாளர் பட்டியல் தயாராகிற நேரம், லீவு போட்டால் பெயர் போய்விடும் என்று, படுக்கையிலேயே நோட்டைப் பிரித்து வைத்துக்கொண்டார். கண் சொருகுகிறது, எண் ஓடவில்லை. "ஏதாவது சொல்லு, எழுதிக்கறேன்," என்றார். அவள் துணி மடித்துக்கொண்டே சொன்னாள். பன்னிரண்டு போடுங்க, பதினொண்ணு போடுங்க, அவங்க வீட்ல விருந்தாளி, பதினாறு போடுங்க. நாற்பத்திரண்டு வீட்டையும் ஒரு கூடைத் துணி மடிப்பதற்குள் முடித்தார்கள். பத்தொன்பதாம் எண் வந்தபோது அவள் கை நின்றது. அந்த வீட்டம்மா முந்தின வாரம் அவளுடைய தையல் கத்தரியை இரவல் வாங்கி, அட்டைப்பெட்டி வெட்டி, கூர் மழுக்கித் திருப்பிக் கொடுத்திருந்தாள். "முப்பத்தொண்ணு போடுங்க," என்றாள். அவர் போட்டார்.

கத்தரிக்காரி போய்ச் சேர்ந்து ஒன்பது வருஷம் ஆகிறது. அவள் புருஷன், கடிகாரம் ரிப்பேர் பார்க்கிறவர், இப்போது அந்த வீட்டில் தனியாக இருக்கிறார். போன வியாழக்கிழமை பேன்ட்டுக்கு ஜிப் மாற்ற வந்தார்.

"ஏம்மா, உன் வீட்டுக்காரர் நேத்து என் வாசல்ல முட்டி போட்டு உக்காந்திருந்தாரு. கூட மருந்துக்கடைக்காரர் வேற. மீட்டர்ல ஏதாவது கோளாறா?"

"சும்மா பழக்கதோஷம்ணே."

"பின்கட்டுல சிமென்ட் தரை எப்ப போட்டேன்னு கேட்டாங்க. அந்தப் பொண்ணு காணாமப் போன வருஷம்தான்னு சொன்னேன். உடனே ரெண்டு பேரும் கையைக் குடுத்துட்டுப் போனாங்க." பேன்ட்டை மடித்து மேசையில் வைத்தார். "ஞாயித்துக்கிழமை நானும் வரலாமா? எனக்கும் ஒரு யோசனை இருக்கு. அன்னைக்கு முனிசிபல் மணிக்கூண்டு ஏழு நிமிஷம் மெதுவா ஓடுச்சு. பாத்தவங்க சொன்ன நேரமெல்லாம் தப்பு. இருபத்தேழு வருஷமா சொல்லணும்னு நினைக்கறேன், யாரும் கேக்கலை."

அவளால் தலையைத் தூக்க முடியவில்லை. ஜிப்பையே பார்த்துக்கொண்டு, "கேட்டுச் சொல்றேன்ணே," என்றாள்.

அன்று மாலை புருஷனிடம் விசாரித்ததில்தான் மனு விஷயம் வெளியே வந்தது. பின்கட்டுத் தரையைத் தோண்டிப் பார்க்க வேண்டும் என்று மூன்று பேரும் கையெழுத்துப் போட்டுத் திங்கட்கிழமை ஸ்டேஷனில் கொடுப்பதாக ஏற்பாடு. அவள் மெதுவாக ஆரம்பித்தாள்: அந்த மாசம் உங்களுக்குக் காமாலையாச்சே. அவர் பார்வையைத் திருப்பாமல், "காமாலை அதுக்கு முந்தின வருஷம்," என்றார்.

இப்போது மேசை பளபளவென்று இருந்தது. வரைபடம், நோட்டு, நடுவில் டைப்பிங் டீச்சர் பிழையில்லாமல் அடித்துக் கொண்டுவந்த மனு. டீச்சர் கையெழுத்துப் போட்டாயிற்று. மருந்துக்கடைக்காரரும், யாருக்கும் புரியாத கையெழுத்தில், போட்டாயிற்று. மீட்டர்காரர் பேனா மூடியைக் கழற்றியபோது அவள் டீத்தட்டைக் கொண்டுவந்து நோட்டின்மேலேயே வைத்தாள்.

"அந்த முப்பத்தொண்ணு நான் சொன்னது," என்றாள்.

மூன்று பேரும் தட்டைப் பார்த்தார்கள், பிறகு அவளை. அவள் காமாலை, துணிக்கூடை, கத்தரி எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னாள். சொல்லி முடிக்கையில், இனி இந்த வீட்டில் குழாய்ச் சொட்டுதான் என்று அவளுக்குத் தோன்றியது.

மருந்துக்கடைக்காரர்தான் முதலில் வாயைத் திறந்தார். "அண்ணி, ஒண்ணு கேக்கறேன், தப்பா நினைக்காதீங்க. கோவம்னா இருபது சொல்லலாம். அம்பது சொல்லலாம். அதென்ன முப்பத்தொண்ணு?"

"வாயில வந்துச்சு."

"அதான் கேக்கறேன். காரணமில்லாம வருமா? உங்களுக்கே தெரியாம உங்களுக்கு ஏதோ தெரிஞ்சிருக்கு."

"எழுதிக்கிறேன்," என்றார் டைப்பிங் டீச்சர். "ஏம்மா, அந்தக் கத்தரி இப்ப எங்க இருக்கு?"

"கத்தரியை விடுங்க டீச்சர். காமாலை அந்த மாசம்தான்னு என்கிட்ட எழுத்துல இருக்கு." அவள் மிஷின் மேசை இழுப்பறையிலிருந்து பழைய அளவு நோட்டை எடுத்துவந்து பிரித்துக் காட்டினாள். பென்சிலில் தேதி, அதன் கீழே, இடுப்பு இருபத்திரண்டு, நீளம் பதினெட்டு, பள்ளிக்கூடப் பாவாடை, ஓரம் பிரித்து இறக்கணும். "அந்தக் குழந்தையோட பாவாடை. காணாமப் போறதுக்கு நாலு நாள் முன்னாடி அவங்கம்மா கொண்டுவந்து குடுத்தாங்க. அந்தக் கதவுகிட்ட நின்னு இவரைப் பாத்துட்டு, கண்ணெல்லாம் மஞ்சளா இருக்கே, டாக்டர்கிட்ட காட்டலையான்னு கேட்டாங்க."

கூட்டத்தில் ஒரு பரபரப்பு ஓடியது. காமாலையைப் பற்றி அல்ல. "குழந்தையோட அளவு," என்று மருந்துக்கடைக்காரர் மூச்சுக்குள் சொன்னார். நாலு வருஷத்தில் கிடைத்த முதல் புதுச் சான்று. டைப்பிங் டீச்சர் எண்களைப் பிரதி எடுத்தார். இடுப்பு இருபத்திரண்டு என்றால் இப்போது முப்பத்துமூன்று வயதில் எவ்வளவு இருக்கும் என்று மருந்துக்கடைக்காரர் கணக்குப் போட ஆரம்பித்தார். தபால் ஆபீஸ் கவுன்ட்டரில் இருக்கிற பெண்ணுக்கு ஏறக்குறைய அந்த வயது, இடுப்பளவை எப்படிக் கேட்பது என்பதில் மட்டும் சிக்கல்.

மீட்டர்காரரின் மனைவி அளவு நோட்டை மூடினாள். அந்தப் பாவாடையை வாங்கிக்கொள்ள குழந்தையின் அம்மா நாலு மாதம் கழித்து வந்தது அவளுக்கு நினைவிருக்கிறது. ஜன்னல் வெளிச்சத்தில் ஓரத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இன்னும் ஒரு இஞ்ச் விட்டிருக்கலாம், வளர்ற பொண்ணு," என்று சொல்லி மடித்து எடுத்துக்கொண்டு போனாள். அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் இவர்கள் அந்த ஒரு இஞ்சையும் எழுதிக்கொள்வார்கள்.

"அண்ணி சொல்றதைப் பாத்தா கேஸ் இன்னும் பலமாகுது சார்," என்றார் மருந்துக்கடைக்காரர். "நீங்க கையெழுத்தைப் போடுங்க."

மீட்டர்காரர் பேனாவைத் தாளில் வைக்கவில்லை. தட்டுக்கு அடியிலிருந்து தன் நோட்டை மெல்ல உருவி, அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நாற்பத்திரண்டு எண்ணும் ஒரே மையில், ஒரே சாய்வில், வரிசை கோணாமல் இருந்தன. வெயிலில் நின்று எழுதின மற்ற பக்கங்களில் வியர்வைக் கறை உண்டு, சேறு உண்டு. இதில் ஒரு புள்ளி அழுக்கு இல்லை. அவள் அவர் பக்கத்தில் வந்து நின்றாள். மற்ற இருவரையும் விட்டுவிட்டு, வீட்டில் பேசுகிற குரலில் கேட்டாள்.

"ஏங்க, கல்யாணமான புதுசுல எனக்குச் சொல்லிக்கொடுத்தீங்களே. ஒரு மீட்டர் பின்னாடி போயிருந்தா அதுக்கு ஒரே ஒரு காரணம்தான்னு. முந்தின தடவை எண் எழுதினவன் என்ன பண்ணியிருப்பான்னு சொன்னீங்க?"

மருந்துக்கடைக்காரர் கணக்கை நிறுத்தினார். டைப்பிங் டீச்சர் பதிலை எழுதிக்கொள்ளத் தயாராகப் பென்சிலைத் தூக்கினார்.

மீட்டர்காரர் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டார். இன்னும் யாரும் குடித்திருக்காத நாலு டீயையும் தட்டோடு எடுத்தார். கல்யாணமான நாளிலிருந்து அவர் ஒரு டம்ளரைக்கூட இடம் மாற்றி வைத்ததில்லை. நாலும் ஒன்றோடொன்று இடித்து ஆடின. தளும்பிய டீ மனுவில் அவர் பெயருக்கென்று விட்டிருந்த கோட்டின் மேல் சிந்திப் பரவியது. அதைத் துடைக்க நிற்காமல், தட்டைப் பார்த்தபடியே, சமையலறைக்குள் போனார்.